கொளஞ்சியப்பருக்கு ஒரு பிராது

விருத்தாசலத்தை ஒட்டி, மணவாளநல்லூரில் இருக்கும் கொளஞ்சியப்பருக்கு முகம் கிடையாது. சுயம்புவான ஒரு பீடம், அவ்வளவுதான். முருகன் என்கிறோம், வேலும் மயிலும் நாமாக நினைத்துக்கொள்வது. ஆனாலும் கடன் கொடுத்து ஏமாந்தவன், நகையைப் பறிகொடுத்தவள், பங்காளியிடம் வரப்பை இழந்தவன் எல்லாரும் வெள்ளைத்தாளில் குறையை எழுதிக்கொண்டு இங்கேதான் வருகிறார்கள். சாமி முன்னால் வைத்து வாங்கி, முனியப்பர் சன்னிதியில் கட்டிவிட்டுப் போகிறார்கள். இதற்குப் பிராது கட்டுவது என்று பேர். முகமுள்ள மனிதர்களிடம் மனுக் கொடுத்து அலுத்தவர்களுக்கு முகமில்லாத சாமி எவ்வளவோ மேல். நாலு மணிக்கு மேல் சீட்டில் இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அப்பனே, அந்தக் கட்டில் இதையும் சேர்த்துக்கொள். மனுதாரர்கள், விருத்தாசலம் செராமிக் பட்டறைகளில் அச்சு ஊற்றி, பிசிறு சீவி, வண்ணம் பூசி, அந்தக் கூலியில் பிள்ளை வளர்க்கும் தாய்மார். சூளையடியில் நிற்கும் தகப்பன்மாரும் சேர்த்தி. அவர்களால் நேரில் வர முடியவில்லை. குறை சொல்ல வருவதற்கே லீவு போட வேண்டும், லீவு போட்டால் கூலி போகும் என்பதுதான் குறைகளில் முதலாவது. அதனால் உட்கார்ந்து எழுத நேரமுள்ள நான் எழுதுகிறேன். எதிர்மனுதாரர்கள் பலர். அவர்களில் ஒருவருக்கும் மைக்கைக் கண்டால் பயமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பிழைப்பு உனக்குத் தெரியும். நெய்வேலியில் நிலக்கரிக்காகப் பூமியைத் தோண்டியபோது மேலே கிடைத்த வெள்ளைக் களிமண் எங்களுக்குச் சோறாயிற்று. செராமிக் தொழிற்பேட்டை வந்தது. பீங்கான் தொழில்நுட்பம் சொல்லித்தர அரசு பாலிடெக்னிக் வந்தது. கொலுப் பொம்மை, கார்த்திகை அகல், ஊறுகாய் ஜாடி, பியூஸ் கட்டை, கக்கூஸ் பேசின் என்று மனிதனுக்குப் பக்தி முதல் பேதி வரை தேவைப்படும் சகலத்தையும் செய்து வெளியூருக்கு அனுப்புகிறோம். களிமண்ணோடு குவார்ட்ஸும் பெல்ட்ஸ்பாரும் அரைத்துக் கரைத்து, பிளாஸ்டர் அச்சில் ஊற்றி, காய்ந்ததும் பிசிறு சீவி, கிளேஸில் முக்கிச் சுட்டெடுக்க வேண்டும். சீவும்போது பறக்கிறதே தூசு, அதில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் தங்கினால் சிலிகோசிஸ். வந்துவிட்டால் குணப்படுத்த மருந்தில்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் அதற்கு இடமிருந்தது. வந்தால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய் அது. நோய்க்குச் சட்டத்தில் இருக்கும் மரியாதை நோயாளிக்கும் இருந்திருக்கலாம்.

போகட்டும், மைக்குக்கு வருகிறேன்.

மார்ச் 8 வந்தால் மகளிருக்குத் தன்னம்பிக்கைப் பயிற்சி என்று யாராவது ஒருவர் வந்து இறங்கிவிடுகிறார். கோலப்போட்டி, ஒரே நிறப் புடவை, கேக், அப்புறம் ‘மேடை பயத்தை வெல்வது எப்படி’. 1917இல் இதே நாளில் பெட்ரோகிராடு நகரத்துப் பஞ்சாலைப் பெண்கள் ரொட்டி கேட்டுத் தெருவில் இறங்கினார்கள். கொஞ்ச நாளில் ஜார் மன்னன் நாற்காலியை விட்டு இறங்கினான். அந்தப் பெண்களுக்கு யாரும் மேடைப் பேச்சுப் பயிற்சி கொடுத்ததாகத் தெரியவில்லை. எங்கள் பயிற்சியாளர் கோட்டுப் போட்டிருப்பார். பேசுவதற்கு முன்னால் மூச்சை நன்றாக உள்ளே இழுத்து, நிறுத்தி, மெதுவாக விடச் சொல்வார். நாள் முழுக்கக் குவார்ட்ஸ் தூசில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்து இதைச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும். அவருக்கு இருக்கிறது. அடுத்தபடியாக, “எதிரே இருக்கிறவங்களை வெறும் பொம்மைன்னு நெனச்சுக்குங்கம்மா, பயம் போயிடும்” என்பார். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும்: “பொம்மைன்னாதான் சார் பயமே. ஒண்ணு ஒடஞ்சா கூலியில புடிச்சுக்குவாங்க.”

கைதட்டல் வரும். பயிற்சியாளரும் தட்டுவார். அந்த அக்காவுக்கு மேடை பயம் போய்விட்டதாகக் குறித்துக்கொண்டு சான்றிதழும் தருவார். அவள் சொன்ன வாக்கியம் எந்த அறிக்கையிலும் ஏறாது.

இந்தப் பெண்களுக்குப் பேசத் தெரியாதா? விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் மீதிச் சில்லறை தராத கண்டக்டரைக் கேட்டுப் பார். தண்ணீர் வராத தெருவின் கவுன்சிலரைக் கேட்டுப் பார். பேச்சு எங்களுக்குப் பிடித்த பண்டம் அப்பனே. நீளமாக வசனம் பேசத் தெரிந்த ஒருவரைத்தானே 2006இல் சட்டமன்றத்துக்கு அனுப்பினோம்! தமிழ்நாடு முழுக்க நின்ற அவர் கட்சிக்கு அந்தத் தேர்தலில் கிடைத்த ஒரே இடம் எங்கள் ஊர். பேசுகிற வாய் சில இடங்களில் மட்டும் அடைத்துக்கொள்கிறது. முதலாளி முன்னால், ஆபீசர் முன்னால், கான்வென்ட் வாசலில். எந்த வார்த்தைக்கு எவ்வளவு கூலி போகும் என்று அவளுக்குத் துல்லியமாகத் தெரியும். பேசியவளுக்கு நாளைக்கு வேலை இல்லை என்று ஆகிவிட்டால், சோறு போட அந்தச் சான்றிதழா வரும்? இது நடுக்கம் அல்ல, கணக்கு.

கான்வென்ட் என்றேன். ஒரு தனியார் பள்ளியில் எல்கேஜி சேர்க்கப் போன தாயைக் கேள். பிள்ளையை விட்டுவிட்டு அவளைத்தான் கேட்டார்கள். என்ன படித்தீர்கள், வீட்டில் என்ன பாஷை, ஆங்கிலத்தில் உங்களைப் பற்றி இரண்டு வரி சொல்லுங்கள். ஆயிரம் பொம்மைக்குக் கண் எழுதின கை மேசைக்கு அடியில் நடுங்கியது. இட்லி வேகும் நேரத்தில் மனப்பாடம் செய்த இரண்டு வரியில் ஒரு வரிதான் வெளியே வந்தது. “சொல்லி அனுப்புகிறோம்” என்றார்கள், அனுப்பவில்லை. ‘ஒங்கம்மாவாலதான் சீட்டு போச்சு’ என்று வீட்டில் ஒரு பேச்சு இன்னும் நிற்கிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, பிள்ளையை மட்டுமல்ல, பெற்றோரையும் இப்படிச் சலித்துப் பார்க்கக் கூடாது என்கிறது. முதல் தடவை மீறினால் 25,000 ரூபாய் வரை அபராதம். அப்புறம் ஒவ்வொரு தடவைக்கும் 50,000 வரை. அன்றைக்கு அந்த அறையில் தப்புச் செய்தவர்கள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். வியர்த்தது இவளுக்கு.

சரி, அரசுப் பள்ளிக்கே வருவோம். அங்கே இவளை மதிக்கிறார்கள், அதையும் சொல்ல வேண்டும். அதே சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் தலைவரே ஒரு தாய்தான். படிக்கும்போது கண்ணில் நீர் வருகிறது. கூட்டம் எப்போது? வழக்கமாக வெள்ளிக்கிழமை பிற்பகல். பட்டறையில் அச்சைப் பிரித்துக்கொண்டிருக்கும் நேரம். “அண்ணே, புள்ள ஸ்கூல்ல மீட்டிங்கு” என்று கேட்டால் அண்ணன் போகச் சொல்வார், நல்ல மனுஷர். அரை நாள் கூலியை மட்டும் பிடித்துக்கொள்வார். போய் உட்கார்ந்தால் தீர்மானம் முன்பே எழுதி இருக்கும். தலைவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு சின்னப் பெருக்கல் குறி. பேசச் சொன்னால் எழுந்து, “எல்லாம் நல்லாருக்குங்க டீச்சர்” என்று உட்கார்ந்துவிடுகிறாள். கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்று சொல்லத்தான் வந்தாள். அந்தக் கழிப்பறையின் பேசினைச் செய்யும் ஊர்க்காரி அவள். பேசினில் ஊற்றத் தண்ணீர் கேட்கத்தான் அவளுக்கு வாய் வரவில்லை.

இனி பயமே இல்லாதவர்களைப் பற்றி. இன்போசிஸ் நாராயண மூர்த்தி 2023 அக்டோபரில், இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். எல் அண்ட் டி தலைவர் எஸ்.என்.சுப்பிரமணியன் 90 மணி நேரம் கேட்டது 2025 ஜனவரியில் வெளியே வந்தது. ஞாயிற்றுக்கிழமையும் வேலை வாங்க முடியவில்லையே என்று அவருக்கு வருத்தம். வீட்டில் உட்கார்ந்து மனைவியை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்றும் கேட்டார். 2023-24இல் அவருடைய ஊதியம் ஏறத்தாழ 51 கோடி ரூபாய். அவர் நிறுவனத்து ஊழியரின் நடுமட்டச் சம்பளத்தைப் போல 500 மடங்குக்கு மேல். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. தொண்டை அடைக்கவில்லை. யாரும் அவரை மூச்சுப் பயிற்சிக்கு அனுப்பவில்லை.

மனைவியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம். எங்கள் ஊரில் புருஷன் பெண்டாட்டியைப் பார்க்கும்போது அவள் முதுகுதான் தெரியும், அடுப்புப் பக்கம் திரும்பியிருப்பாள். மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இருக்கிறது. 2019இல், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்குச் செலவிட்டது ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம். செய்த ஆண்கள் 97 நிமிடம். 2024இல் மறுபடி எடுத்தார்கள். பெண்கள் 289, ஆண்கள் 88. ஐந்து வருஷத்தில் ஆண்களின் முன்னேற்றம், ஒன்பது நிமிடம் குறைவு. மிக்ஸியும் கேஸும் வந்து பெண்ணுக்குக் கொடுத்த பத்து நிமிடத்தைப் பார்த்து ஆம்பளைக்கும் ஓய்வு வேண்டும் என்று தோன்றியிருக்கும் போல. இதை எழுதுகிறவனும் ஆம்பளைதான். அந்த 88 எனக்கே கொஞ்சம் தாராளமாகப் படுகிறது.

கணக்கை முடித்துவிடுகிறேன். பட்டறையில் வாரம் 48 மணி நேரம். வீட்டில் அந்தச் சராசரியையே வைத்துக்கொண்டால் ஏழு நாளைக்கு 33 மணி நேரத்துக்கு மேல். ஆக ஏறத்தாழ 82. பிள்ளையைக் குளிப்பாட்டுவதும் பாடம் சொல்லித்தருவதும் இதில் சேராது, அதைத் தனியாக எண்ணுகிறார்கள். மூர்த்தி கேட்டதைத் தாண்டி எங்களூர்க்காரி எப்போதோ போய்விட்டாள். சுப்பிரமணியன் கேட்டதற்கு இன்னும் எட்டு மணி நேரம்தான் பாக்கி. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட வாரத்தில் அதுவும் ஈடாகிவிடும். தேசத்தைக் கட்டியெழுப்ப இவ்வளவு நேரம் போதுமென்றால் அது இந்நேரம் விருத்தாசலம் ரயில்வே ஜங்ஷன் பின்பக்கம் எழும்பி நின்றிருக்க வேண்டும். பார்த்தேன். குப்பைமேடுதான் இருக்கிறது.

பால் குடிக்கும் பிள்ளை இருந்தால்? அதற்கும் சட்டம் போட்டிருக்கிறார்கள், குறையே சொல்ல முடியாது. தொழிற்சாலைச் சட்டத்தின் 48ஆம் பிரிவு, முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்தால் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. 2017இல் திருத்திய மகப்பேறு சட்டம், ஐம்பது பேர் இருந்தால் காப்பகம், தாய் ஒரு நாளைக்கு நான்கு தடவை போய்ப் பார்க்கலாம், 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்றது. எங்கள் ஊர்ச் சின்னப் பட்டறையில் பத்துப் பேர், பதினைந்து பேர். சட்டம் தொழிற்பேட்டை வழியாகத்தான் போகிறது, எங்கள் கேட்டில் மட்டும் நிற்பதில்லை. கூட்டிக் கழித்து ஆளைக் குறைவாகக் காட்டுவதும் முதலாளிகளுக்குப் புதிதல்ல. போதாததற்கு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டங்களில், மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் பத்துப் பேர் இருந்தால் தொழிற்சாலை என்ற வரம்பை இருபதாக உயர்த்திவிட்டார்கள். நேற்று வரை தொழிற்சாலையில் வேலை பார்த்தவள், அதே பலகையில், அதே தூசில் உட்கார்ந்தபடி, தொழிற்சாலை அல்லாத ஓரிடத்தில் வேலை பார்க்கத் தொடங்கினாள். அவளை யாரும் இடம் மாற்றவில்லை. டெல்லியில் ஓர் எண்ணை மாற்றினார்கள்.

நம்மூர்க் கோட்டையும் சளைத்ததில்லை. 2023 ஏப்ரல் 21 அன்று, ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வேலை வாங்க வழிவிடும் திருத்தத்தைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றினார்கள். அப்போது தொழிலாளர் நலத்துறை எங்கள் பக்கத்துத் தொகுதியான திட்டக்குடிக்காரரிடம்தான் இருந்தது. வாரத்துக்கு 48 மணி நேரம் மாறாது, நான்கு நாளில் முடித்துவிட்டு மிச்ச நாள் ஓய்வெடுக்கலாம் என்று விளக்கம். காலை ஆறுக்கு எழுந்து ஏழுக்குக் கிளம்பி, இரவு எட்டுக்கு வந்து சேருகிறவளின் பிள்ளையை அந்த நான்கு நாளும் யார் பார்ப்பது? விளக்கத்தில் பிள்ளை இல்லை. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்ய, மூன்று நாளில் நிறுத்திவைத்தார்கள். மே தினத்தன்று திரும்பப் பெற்றதாக அறிவித்தார்கள். எட்டு மணி நேர வேலைக்காகச் செத்தவர்களின் நாளில், எட்டு மணி நேரத்தை எங்களிடமே திருப்பித் தந்ததற்கு நாங்கள் நன்றி சொல்ல வேண்டியிருந்தது.

கொடுத்ததை மறைத்தால் பிராது செல்லாது. காலை உணவுத் திட்டம் வந்த பிறகு தொடக்கப் பள்ளிப் பிள்ளை பசியோடு உட்காருவதில்லை. மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது, தகுதி உண்டென்று சொல்லப்பட்டவர்களுக்கு. 2021 மே முதல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசில்லை. இந்த மூன்றும் இல்லையென்றால் இந்தப் பெண்களில் பாதிப் பேர் வேலையையே விட்டிருப்பார்கள். ‘ஓசி’ என்று கேலி பேசிய மேடைகளும் உண்டு. அங்கேயும் யாருக்கும் நாக்குக் குழறவில்லை.

அந்த பஸ்தான் எங்கள் உல்லாசப் பயணத்துக்கு எல்லை. பிள்ளைகளோடு தரமாக நேரம் செலவிடுங்கள், மலைப் பிரதேசம் கூட்டிப்போங்கள் என்று வாரப் பத்திரிகைகள் சொல்கின்றன. டவுன் பஸ் ஊட்டிக்குப் போவதில்லை. கடலூர் வெள்ளிக் கடற்கரைக்குப் போக ஏறத்தாழ 60 கிலோமீட்டர், டிக்கெட் வாங்க வேண்டும். நான்கு பேர் போக வர, பிள்ளைக்கு ஒரு சுண்டல், குதிரைமேல் ஒரு சுற்று என்று போட்டால் ஒரு வாரக் கூலியில் நல்லதொரு துண்டு போய்விடும். பிச்சாவரம் படகு இருக்கிறது, சினிமாவில் பார்த்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை என்பது துணி துவைக்க, ரேஷனில் விட்டதை விசாரிக்க, மாவாட்ட ஏற்பட்ட நாள். ஆக எங்களுக்கு ஆண்டுக்கு ஒரு சுற்றுலா, மாசிமகம். நடந்தே போய்விடலாம். ஐந்து கோபுரம், ஐந்து கொடிமரம், ஐந்து தேர் என்று பழமலைநாதர் எல்லாவற்றையும் ஐந்தைந்தாக வைத்திருக்கிறார். கடைத்தெருவில் பிள்ளை பலூன் கேட்கும், ராட்டினம் கேட்கும். பீங்கான் பொம்மைக் கடை வந்ததும் அம்மா மட்டும் நின்றுவிடுகிறாள். ஆசை என்று நினைத்தேன். ஒரு பிள்ளையாரை எடுத்துத் திருப்பி, “பிசிறு சரியா சீவல பாரு” என்று முகம் சுளித்து வைத்துவிட்டு நடந்தாள். திருவிழாவிலும் அவளுக்கு லீவு இல்லை.

இந்த ஊரில்தான் சுந்தரர் சிவனிடம் 12,000 பொன் வாங்கினார். மணிமுத்தாற்றில் போடு, திருவாரூர்க் கமலாலயத்தில் எடுத்துக்கொள் என்று சிவன் சொன்னார். அங்கே போய்த் தேடி எடுத்து, மாற்றும் குறையாமல் சரிபார்த்துக்கொண்டார் என்று கதை. ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுகிற பழக்கம் அன்றிலிருந்து எங்களைச் சேர்ந்தது. எங்கள் பெண்கள் இத்தனை வருஷமாக ஆற்றில் போட்ட உழைப்பு யாருடைய குளத்தில் மிதக்கிறது என்று நாங்கள் தேடிக்கொண்டுதான் இருக்கிறோம். சுந்தரர் சாமிக்குத் தோழர், வாங்கிக்கொண்டு போனார். எங்களுக்கு அவ்வளவு செல்வாக்கு இல்லை. உன் அப்பனிடம் நீ ஒரு வார்த்தை சொல்லு.

கோரிக்கை பெரிதாக ஒன்றும் இல்லை. தொழிற்பேட்டை முழுக்கச் சேர்த்து எண்ணி ஒரே காப்பகம் கட்டட்டும். தனித்தனியாகப் பதினைந்து பேர், சேர்த்தால் எத்தனை என்று அவர்களுக்கும் கூட்டத் தெரியும். தூசை உறிஞ்சும் விசிறியும் ஆண்டுக்கொரு மார்பு எக்ஸ்ரேயும் வேண்டும். கோட்டுப் போட்டவரை அடுத்த மார்ச் 8 அன்று பட்டறையில் ஒரு ஷிப்டு உட்காரவைத்து, அதன் பிறகு ஆழமாக மூச்சு இழுக்கச் சொல்ல வேண்டும்.

கடைசியாகச் சொல்ல வேண்டியது உன்னிடம் இல்லை அப்பனே, பள்ளிக் கல்வித் துறையிடம். 2022 மார்ச் 20 அன்று ‘நம் பள்ளி நம் பெருமை’ என்று தமிழ்நாடு முழுக்க அரசுப் பள்ளிகளில் பெற்றோர் கூட்டம் வைத்தீர்கள். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஆக, முடியாத காரியம் இல்லை. மாதக் கூட்டத்தையும் ஞாயிற்றுக்கிழமை வையுங்கள், இல்லாவிட்டால் வருகிற தாய்க்கு அரை நாள் கூலியைக் கொடுங்கள். இரண்டில் ஒன்றைச் செய்கிற வரைக்கும், பெற்றோருக்கு ஆர்வமில்லை என்று எந்த அறிக்கையிலும் எழுதாதீர்கள்.